பேர் சொல்ல ஓர் ஆள்

தாம்பரத்துக்குப் போகிறவர் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்து வைத்துக்கொண்டு போவது நல்லது. கிழக்கா, மேற்கா? ரயில் பாதை அந்த ஊரை இரண்டாக அறுத்துப் போட்டிருக்கிறது. ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், வாழைப்பழம் விற்கிறவர் என்று எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் பெரிய கிராணி. கணக்குப் பிள்ளை என்று இங்கே சொல்வார்களே, அந்த வேலை. கேட்டதற்குப் பதில் தெரியாமல் விழிப்பது எனக்குப் பழக்கமில்லை.

தாம்பரத்துக்கு வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. மீனம்பாக்கத்தில் முதலில் வந்த மின்சார ரயிலில் ஏறிவிட்டேன். அது கூடைக்காரர்கள் ஏறும் பெட்டி. தயிர்ப் பானைகளுக்கும் கீரைக்கட்டுகளுக்கும் நடுவே என் பயணப் பெட்டியோடு நின்றேன். ஒரு அம்மாள் என் கையில் ஒரு கட்டு முளைக்கீரையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, எங்கே போகிறேன் என்று விசாரித்தாள். சொன்னேன். "தாம்பரம் அந்தாண்ட கீது சார். நீ இந்தாண்ட போய்கினு கீற" என்றாள். பரங்கிமலையில் இறங்கி, மறுபக்கம் ஏறி, வியர்வையில் குளித்துப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் ரயில் ஒரு நாளைக்குச் சில தடவைதான் வரும், ஆனால் போகவேண்டிய பக்கம்தான் போகும்.

நான் சுற்றிப் பார்க்க வரவில்லை. என் மகள் கோகிலா தாம்பரத்தில் மூன்று வருடம் படித்தாள். சித்திரையில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாள். எனக்கு விசா கையில் கிடைக்க நான்கு நாளாயிற்று. அந்த வெயிலில் உடலை அதுவரை வைத்திருக்க முடியாது என்று தொலைபேசியில் சொன்னார்கள். சரி என்றேன். அதன்பின் பயணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் பதிவு அலுவலகத்திலிருந்து இறப்புச் சான்றிதழைக் கேட்டு இரண்டாவது கடிதம் வந்த பிறகுதான் ஆடி மாதத்தில் புறப்பட்டேன். சான்றிதழை வாங்க வேண்டும், அவள் சாமான்களை எடுக்க வேண்டும், ஐந்து நாளில் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

கோகிலா தங்கியிருந்தது சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில், எஸ்தர் டீச்சர் வீட்டு மாடி அறையில். எஸ்தர் டீச்சர் ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், அதிகம் பேசாதவர். வாசலிலேயே என் பெட்டியை வாங்கிக்கொண்டு, முதலில் சாப்பிடுங்கள் என்றார். சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், வாழைக்காய் வறுவல். நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. காப்பி சின்ன டம்ளரில் வந்தது. எங்கள் ஊர்க் கோப்பி கறுப்பாக, கனமாக, பெரிய கோப்பையில் வரும். இதை இரண்டு வாயில் முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது வசந்தா வந்தாள். கோகிலாவோடு படித்தவள், ஒல்லியான பெண், பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு வேறு வேலை இருந்தது. கோகிலா ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாளாம். எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது. கோகிலா எனக்கு எழுதிய கடிதங்களில் மதிப்பெண்ணும் தட்பவெப்பமும்தான் இருக்கும்.

அந்தப் படத்தின் விதியை வசந்தா விளக்கினாள். யாரையாவது பறிகொடுத்தவர் ஒருவர் கேமரா முன்னால் வர வேண்டும். போனவர் தினமும் செய்த ஏதோ ஒன்றை ஒரு நிமிடம் செய்து காட்ட வேண்டும். பேசக்கூடாது. யாரைச் செய்கிறோம் என்று சொல்லக்கூடாது. சுற்றி நிற்பவர்களில் போனவரை அறிந்த ஒருவர் அடையாளம் கண்டு, வாய்விட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த நிமிடம் படத்தில் சேரும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் கேசட் தனியாக எடுத்து வைக்கப்படும்.

இது நாடகமா, சினிமாவா என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன்.

"எங்களுக்கும் தெரியாது அங்கிள். கோகிலா 'செய்து பாக்கறது'ன்னு சொல்லுவா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க டீச்சர் வீட்டு ஹால்ல எல்லாரும் வராங்க. அன்னிக்கு கோகிலாவையும் யாராவது செய்யணும். நாங்க யாரும் செய்யல. உங்களுக்காக வெச்சிருக்கோம்."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். அவள் கட்டில், அவள் மேசை, ஆணியில் ஒரு துணிப்பை. நாற்காலியில் உட்கார்ந்து, என் மகள் தினமும் செய்த ஒன்றை யோசித்தேன். எப்படித் தலை வாருவாள்? எந்தக் கையால் கதவைத் திறப்பாள்? அவளுக்கு ஒன்பது வயதில் அவள் அம்மா இறந்துவிட்டாள். அந்த ஆண்டே அவளை ஈப்போவில் விடுதியில் சேர்த்தேன். பள்ளி விடுமுறைக்கு வருவாள், போவாள். அங்கிருந்து நேராகத் தாம்பரம். ஒரு நிமிடத்துக்கு வேண்டிய சரக்கு என்னிடம் இல்லை. பெற்றவன் என்று ஊர் முன்னால் ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு நிற்கப் போகிறேன் என்று பயமாக இருந்தது. அவமானமாகவும் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இட்லியும் வடகறியும் பசியாறிவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அது மேற்கு. மேம்பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். ஜனம் பாலத்தை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை, தண்டவாளத்தில் நேராக இறங்கி நடக்கிறது. நான் பாலத்தில் ஏறி மூச்சு வாங்க இறங்கினேன். ஆடி வெள்ளியாதலால் அலுவலகத்தில் பாதிப் பேர் இல்லை. அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஜன்னல் வழியே உள்ளே புகுந்து எல்லோருக்கும் சேர்த்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இருந்த ஒரு குமாஸ்தா படிவத்தை நிரப்பினார். இறந்தவர் வயது என்ன என்றார். இருபது என்றேன். பிறந்த வருடத்தைக் கேட்டார், சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணி, இருபத்தொன்று வருகிறதே சார் என்றார். ஆமாம், இருபத்தொன்று. தோட்டத்தில் எந்தத் தொழிலாளியின் வயதையும் பேரேட்டைப் பார்க்காமல் சொல்லுவேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

வெளியே வசந்தா காத்திருந்தாள். பீர்க்கன்கரணையில் ஒருவர் செய்யப் போகிறார், வந்து பாருங்கள் என்றாள். பேருந்தில் ஏறினோம். இரும்புலியூர் தாண்டியதும் அது புகை விட்டு நின்றுவிட்டது. எல்லோரும் சர்வசாதாரணமாக இறங்கி நடந்தார்கள். எங்கள் ஊரில் என்றால் நாலு பேர் டிரைவரிடம் போய் நியாயம் கேட்டிருப்பார்கள். நாங்களும் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏரிக் காற்று மட்டும் அவ்வப்போது பரிதாபப்பட்டது.

வீடியோ எடுப்பவர் தில்லி பாபு. தாம்பரம் மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து எடுப்பதுதான் தொழில். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் இந்தப் பிள்ளைகளுக்கு அந்த மாதத்தைக் கொடுத்திருக்கிறார். தோளில் பெரிய கேமராவோடு, இன்னொருவரை விளக்கைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செய்யப் போனவர் குப்புசாமி. அந்த ஊர்க்காரர். நிலத்தை மனை போட்டு விற்று, மாடி வீடு கட்டியவர். அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் வேலியோரம் நின்றார்கள். அவர் வீட்டைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். நாலடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தார். விரலை முகர்ந்து பார்த்தார், அடுப்பை அணைத்தோமா என்று மண்ணெண்ணெய் வாடை தேடுவதுபோல. மறுபடி நாலடி. மறுபடி பூட்டு. பெண்கள் முதலில் சிரித்தார்கள். மூன்றாவது தடவை அவர் திரும்பியபோது ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நம்ம அலமேலு" என்றாள். குப்புசாமியின் மனைவி. குப்புசாமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

தில்லி பாபு தொழில் பழக்கத்தில், "சார், கொஞ்சம் சிரிச்சாப்ல இங்க பாருங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் கோபப்படவில்லை.

குப்புசாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார். "பஸ்ஸு பூடும், இன்னாடி பூட்டாண்ட பேஜார் பண்றன்னு கத்துவேன் சார். இப்போ நானே மூணு தபா இஸ்து பாத்துகினு கீறேன். அவ பாத்தா சிரிப்பா."

எனக்கு அவர்மேல் பொறாமை வந்தது. மனைவியை இழந்து நிற்கிறவர்மேல் பொறாமைப்படும் ஜென்மம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் வந்தது.

சனிக்கிழமை வசந்தா என்னைத் தில்லி பாபுவின் கடைக்கு அழைத்துப் போனாள். எஸ்தர் டீச்சரும் வந்தார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதிலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. கடை முழுக்கக் கல்யாண ஆல்பங்கள். இரண்டு டெக்குகள், ஒரு டிவி. எனக்கு ஸ்டூல் போட்டார்கள்.

வசந்தா ஒரு கேசட்டைக் காட்டினாள். கோகிலா எல்லோரையும் செய்ய வைத்தாள், தானும் ஒரு நிமிடம் செய்திருக்கிறாள். அது தனியாக இருக்கிறது. ஏனென்றால் பெயர் சொல்ல இங்கே ஆள் இல்லை. "நாங்க பல தடவை பாத்தாச்சு அங்கிள். யாருன்னு தெரியல. கேட்டா விதிய மீற மாட்டேன்னுட்டா. ஒரு நாள் இதப் பாக்க வேண்டியவங்க வருவாங்கன்னு மட்டும் சொன்னா."

படம் ஓடியது. எஸ்தர் டீச்சர் வீட்டு மாடி அறை. கோகிலா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாக நான் பார்க்கத் துணியாத முகம், ஓரத்தில் கோடு கோடாக நடுங்கியது. அவள் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் இல்லாத கற்களைத் தரையில் இறைத்தாள். ஒன்றை மேலே எறிந்து, ஒன்றைப் பொறுக்கி, விழுவதைப் பிடித்தாள். அஞ்சாங்கல். எதிரே ஒரு குழந்தை இருப்பதுபோலப் பார்த்து, வேண்டுமென்றே ஒரு கல்லைத் தவறவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். குழந்தையின் முறைக்குக் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள். மறுபடி தன் முறை. புறங்கையில் எல்லாக் கல்லையும் ஏந்திக்கொண்டு ராணிபோல நிமிர்ந்தாள். யார் இது? எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும் இப்படிச் சிரித்ததில்லை.

கடைசிப் பத்து விநாடி. அவள் கழுத்து ஒரு பக்கம் திரும்பியது. தூரத்தில் ஏதோ சத்தம் கேட்பதுபோல. ஒரே வீச்சில் கற்களைப் பாயின் கீழே தள்ளினாள். எழுந்தாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். கை இரண்டும் முன்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்து, துடைத்த பலகைபோல ஆனது. அப்படியே நின்றாள்.

"யாரோ வர்ற மாதிரி இருக்கு. யாருன்னுதான் தெரியல" என்று வசந்தா சொன்னாள்.

எனக்குத் தெரியும். அது என் மோட்டார் சைக்கிள் சத்தம். தோட்டத்தில் பெரிய கிராணி வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், தோளில் துண்டு இருந்தால் இறக்குவார்கள். வீட்டிலும் அதே வழக்கத்தை வைத்திருந்தேன். அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். பதினோரு வருடம் நான் கட்டி வாழ்ந்த முகம் அந்தக் கடைசிப் பத்து விநாடியில் இருந்தது. முன்னால் இருந்த ஐம்பது விநாடியை நான் பார்த்ததே இல்லை. நான் வாசலுக்கு வருவதற்குள் அது பாயின் கீழே போய்விடும்.

"பாக்கியம்" என்றேன்.

உயிரோடு இருந்தபோது நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பேன். என் குரலில் அந்தப் பெயர் எனக்கே புதிதாகக் கேட்டது. தில்லி பாபு பேனாவை எடுத்துக் கேசட்டின் முதுகில் எழுதினார். எஸ்தர் டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வசந்தா மட்டும், கோகிலாவின் அம்மாவா என்று மெதுவாகக் கேட்டாள். தலையாட்டினேன். வந்துகொண்டிருந்தது யார் என்று அவள் கேட்கவில்லை. புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நானும் சொல்லவில்லை. அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தக் கல்யாண ஆல்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பும் வழியில் வசந்தா பேசிக்கொண்டே வந்தாள். கோகிலா நன்றாகப் பாடுவாளாம். கோபம் வந்தால் வெங்காயம் உரிப்பாளாம். பேருந்தில் கூட்டத்தில் தூங்கி, தெரியாதவர் தோளில் சாய்ந்துவிடுவாளாம். எனக்குக் கொடுத்து உதவுகிறாள் என்று புரிந்தது. இதில் ஒன்றை எடுத்து நான் ஞாயிற்றுக்கிழமை செய்துவிடலாம். பேர் சொல்லவும் ஆள் இருக்கும். வீடு வந்ததும் மாடியில் இரண்டு வெங்காயத்தை வைத்துக்கொண்டு உரித்துப் பார்த்தேன். என் கைகள்தான் உரித்தன. அவளுடையவை அல்ல. கடன் வாங்கிய ஞாபகத்தை வைத்துக்கொண்டு மகளைச் செய்து காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எஸ்தர் டீச்சர் வந்தபின் ஒவ்வொருவராகக் கூடினார்கள். குப்புசாமி வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். கோகிலாவின் தோழிகள் ஐந்தாறு பேர், பக்கத்து வீட்டுக்காரர்கள். எல்லோருக்கும் சேமியா பாயசம் கொடுத்தார்கள். துக்கத்துக்குப் பாயசமா என்று எனக்குச் சுருக்கென்றது. படம் ஓடியபோது சிரித்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள், திரையில் இருப்பவரோடு சேர்ந்து பெயரைச் சொன்னார்கள். அலமேலு வந்தபோது எல்லோரும் சொன்னார்கள். பாக்கியம் வந்தபோது ஒருவரும் சொல்லவில்லை. என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

பிறகு என் முறை. ஹாலின் நடுவே ஒரு நாற்காலி போடச் சொன்னேன். ஒரு புத்தகம் கேட்டேன். தில்லி பாபு கேமராவைத் தோளில் ஏற்றி, "ஓடிகினு கீது சார்" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். கால்களை மேலே தூக்கி மடக்கி வைத்துக்கொண்டேன். நான் வாசலில் தெரியும் முன் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், இது ஊகம்தான். பிறகு காதைக் கொடுத்தேன். காலை இறக்கினேன். புத்தகத்தை மூடி, விரலை அதற்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். கண்ணைத் தரையில் வைத்தேன். பெருவிரல் மட்டும் புத்தக அட்டையின் மூலையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அதை நான் ஒவ்வொரு விடுமுறையிலும் பார்த்திருக்கிறேன். அது எனக்கு யாரும் கொடுத்ததல்ல. என் மகளைப் பற்றி என்னிடம் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான்.

நின்றேன். மின்விசிறி சுற்றியது. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அவளோடு மூன்று வருடம் படித்துப் பழகிய பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னில் அவளைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. வசந்தாவின் உதடு அசைந்தது, பின் மூடிக்கொண்டது. விதியை மீறி எனக்காகச் சொல்லிவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. அடையாளம் தெரிந்தால்தானே சொல்ல வேண்டும்.

நிமிடம் முடிந்தது. தில்லி பாபு கேமராவை இறக்கினார். பின்னால் இருந்த ஒரு பெண், "அங்கிள், எங்க கோகிலா யாருக்கும் எழுந்து நின்னதே இல்ல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. தெரியாதவருக்குத் தகவல் சொல்லுவதுபோலச் சொன்னாள்.

நான் அப்படியே நின்றேன். எஸ்தர் டீச்சர் வந்து என் முழங்கையைத் தொட்டு, "உட்காருங்க" என்றார். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான். நான் சொன்ன பிறகுதான் கோகிலா உட்காருவாள். பல நாள் சொல்ல மறந்து குளிக்கப் போயிருக்கிறேன். தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பி வரும்போதும் அவள் நின்றுகொண்டிருப்பாள்.